கிறிஸ்துமஸ் இரவு பிபிசி ஒன்: சோனியா செய்த குற்றம்தான் என்ன?

ஹாரோக்காரன் | 26 டிசம்பர் 2024, காலை 11.10

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே எல்லாக் கதைகளின் முடிவும் வரும். இன்னும் பார்க்காதவர்கள் பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயரில் பார்த்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் ஓடிவிடாது.

நேற்று மாலை ஐந்து மணிக்குக் கதிரையில் உட்கார்ந்தவன், இரவு பத்தரை மணிக்குத்தான் ஒழுங்காக எழுந்தேன். இடையில் எழுந்தது மூன்று தடவை. அதில் இரண்டு ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்க. முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே பெட்டியை ஒரே நேரத்தில் பார்த்து எத்தனை காலமாகிவிட்டது என்று யோசித்தேன், விடை கிடைக்கவில்லை. மகனுக்கு அவன் கைபேசி, மகளுக்கு அவள் மடிக்கணினி, அம்மாவுக்குச் சென்னைத் தொடர்கள். நேற்று மட்டும் ஒரே சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு ஐந்து பேர்.

5.10க்கு காலப்பயணத் தொடர் டாக்டர் ஹூ. பாதி பிடித்தது. 6.10க்கு வாலஸ் அண்ட் குரோமிட், கண்டுபிடிப்பாளர் ஒருவரும் அவர் நாயும் வரும் களிமண் பொம்மைப் படம். இரவின் மகுடம் அதுதான், என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம். கால் தி மிட்வைஃப் தொடர் ஓடியபோது கண்ணயர்ந்துவிட்டேன், அதைப் பற்றி வேறு யாராவது எழுதுங்கள். ஒன்பது மணிக்கு கவின் அண்ட் ஸ்டேசி, எசெக்ஸ் பையன் கவின், வேல்ஸ் பெண் ஸ்டேசி, இருவர் குடும்பத்தையும் பற்றிய நகைச்சுவைத் தொடர், கடைசி முறையாக.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. ஆங்கிலம் ‘தாங்க் யூ’ அளவில்தான். வாலஸ் அண்ட் குரோமிட்டுக்கு அது தேவைப்படவில்லை. ஃபெதர்ஸ் மெக்ரா என்ற அந்தப் பென்குயின் தலையில் சிவப்பு ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு கோழியாக நிற்கிறதே, அதைப் பார்த்து, “இதைக் கோழி என்று நம்புகிற ஊரில் பொலிஸ் எந்தக் கள்ளனைப் பிடிக்கும்?” என்று கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

கவின் அண்ட் ஸ்டேசிக்கு நான் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். தேவாலயத்தில் கவினின் நண்பன் ஸ்மித்திக்கும் சோனியாவுக்கும் திருமணம். ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் கட்டத்தில் கவினின் அப்பா மிக் எழுந்து நிற்கிறார். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர் என்று எல்லோரும் எழுகிறார்கள். மகள் தேம்பித் தேம்பி அழுகிறாள், மனைவியும் அழுகிறாள், எனக்கும் தொண்டை அடைத்தது. அம்மா மட்டும் என் கையைத் தட்டி, “அந்தப் பெண்ணின் தாய் தகப்பன் எங்கே? அவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள்?” என்றார்.

அப்போதிருந்து என் அழுகை நின்றுவிட்டது. இரவு முழுக்க அந்தக் கேள்விதான். நீங்கள் சொல்லுங்கள், அந்த முடிவு நியாயமானதா?

---

கொள்ளிடக்கரை | 26 டிசம்பர் 2024, பகல் 12.45

ஹாரோ அண்ணா, வணக்கம். ரெடிங்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே வந்த பிறகு இது எனக்கு மூன்றாவது கிறிஸ்துமஸ். முதல் வருடம் விவரம் தெரியாமல் நண்பர் வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்பி, வெறிச்சோடிய பஸ் நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றவன் நான். அன்று ரயிலும் இல்லை, லண்டனில் பஸ்ஸும் சுரங்க ரயிலும் இல்லை, பெரிய கடைகளைத் திறக்கக் கூடாதென்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. வயிறு நிறையத் தின்றாயிற்று, வெளியே போக வழியில்லை. இந்த நாட்டார் கிறிஸ்துமஸ் இரவில் தொலைக்காட்சி முன்னால் விழுந்து கிடப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அலுவலகத்தில் எல்லோரும் ஒரு மாதமாக இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். தேநீர் அறையில் நான் மட்டும் திருதிருவென்று விழிக்கக் கூடாது என்று டிசம்பர் முழுக்க உட்கார்ந்து, 2007இல் தொடங்கிய முதல் பருவத்திலிருந்து 2019 சிறப்புப் பகுதிவரை பார்த்து முடித்தேன். அந்த 2019 பகுதி, ஸ்டேசியின் தோழி நெஸ்ஸா தெருவில் ஒற்றைக் காலில் மண்டியிட்டு ஸ்மித்தியைக் கேட்பதோடு நின்றது. இவர்கள் ஐந்து வருடம் காத்திருந்தார்கள், நான் ஐந்து நாள்.

முடிவு நியாயமானது என்பதே என் கட்சி. தாலி கட்டும் நேரத்தில் “நிறுத்துங்கள்!” என்று குரல் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குரல் வந்தவுடன் மேளம் நிற்கும், எல்லோர் முகமும் மூன்று முறை காட்டப்படும். இங்கே அப்படிக் கூச்சல் எதுவும் இல்லை. மொத்தக் கூட்டத்திலும் சாதுவான மனிதர், எதற்கும் குரல் உயர்த்தாத மிக், தயங்கித் தயங்கி எழுந்து நிற்கிறார். இத்தனை வருடக் கதையில் அவர் யாருடைய விவகாரத்திலும் மூக்கை நுழைத்ததில்லை. அவரே எழுந்துவிட்டார் என்றால் வேறு வழியே இல்லை என்று பொருள். அந்தப் பொறுப்பை அவர் தலையில் வைத்ததுதான் எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம்.

---

உப்புக்கல் | 26 டிசம்பர் 2024, பகல் 1.30

கெட்டிக்காரத்தனமா? தொண்ணூற்றைந்து நிமிடம் ஓடியது. அதில் கால்வாசி நேரம் யாராவது கதவைத் தட்டுகிறார்கள், யாராவது திறக்கிறார்கள், “ஓ!” என்று கத்திக்கொண்டு கட்டிப்பிடிக்கிறார்கள், அடுத்தவர் வருகிறார், மறுபடியும் “ஓ!”. எங்கள் வீட்டுக் காதுகுத்து வீடியோவில்கூட இத்தனை வரவேற்பு இல்லை.

சோனியா விஷயத்தில் ஹாரோக்காரர் அம்மா பக்கம்தான் நான். அவள் யாரையும் ஏமாற்றவில்லை, யார் பணத்தையும் சுருட்டவில்லை. அவள் செய்த ஒரே தவறு, அந்தக் கும்பலின் நகைச்சுவைக்குச் சிரிக்காதது. அதற்குத் தண்டனை, வெள்ளை உடையில் ஊர் முன்னால் நிற்க வைத்து வரிசையாக எழுந்து நிற்பது. நாடே கைதட்டுகிறது.

இதற்கு, 2024 கணக்கில், வருடத்துக்கு 169.50 பவுண்டு தொலைக்காட்சி உரிமக் கட்டணம் வேறு.

---

இரவுப்பணித் தாதி | 26 டிசம்பர் 2024, மாலை 4.05

இப்போதுதான் தூங்கி எழுந்தேன். லெஸ்டர் பக்கம், நேற்று இரவு எனக்கு வேலை. கவின் அண்ட் ஸ்டேசி இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் எல்லோரும் போட்டு உடைத்துவிட்டீர்கள், பரவாயில்லை.

வேலைக்குப் போகும் முன் டாக்டர் ஹூ பார்த்தேன். ஹாரோ அண்ணா ‘பாதி பிடித்தது’ என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டார். என்னால் அப்படித் தாண்ட முடியவில்லை.

கதையில் ஜாய் என்ற பெண் ஒரு மலிவான ஹோட்டல் அறையில் தனியாகக் கிறிஸ்துமஸ் கழிக்க வருகிறாள். ஒரு கைப்பெட்டி அவளை வசப்படுத்திவிடுகிறது. அதிலிருந்து அவளை விடுவிக்க அவளுக்குக் கோபம் வர வேண்டும் என்று டாக்டர் வேண்டுமென்றே அவளைச் சொல்லால் குத்துகிறார். அப்போது வெடிக்கிறாள். அவள் அம்மா 2020 கிறிஸ்துமஸில், கொரோனாக் காலத்தில், மருத்துவமனையில் இறந்தவர். விதியை மதித்து மகள் உள்ளே போகவில்லை, திரையில்தான் விடைகொடுத்தாள். விதியைப் போட்டவர்களோ விருந்து நடத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த டிசம்பரில் நான் வார்டில் இருந்தேன். ஐபேடை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் வேலைகளில் ஒன்று. இருபது நிமிடம் பிடித்தால் தோள் இற்றுப்போகும். ஆனால் கையை இறக்க மனம் வராது, இறக்கினால் மறுபக்கத்தில் இருப்பவர்களுக்குக் கூரைதான் தெரியும். அவர்கள் மகளிடமும் மகனிடமும் பேசுவதை நான் கேட்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கை அங்கே, முகம் இங்கே. நேற்று அந்தப் பெண் கத்தியபோது என் தோள் வலித்தது, நம்பினால் நம்புங்கள்.

கிறிஸ்துமஸ் மாலை ஐந்து மணிக்கு, பிள்ளைகள் இனிப்பு தின்றுகொண்டே பார்க்கிற நிகழ்ச்சியில் இதை வைத்தார்கள். எழுதிய ஸ்டீவன் மொஃபட்டுக்கு அதற்காக ஒரு கும்பிடு. கடைசியில் அவளை நட்சத்திரமாக்கி, பெத்லகேம் என்று எழுத்துப் போட்டதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அந்த நட்சத்திர ஒளி அம்மாவின் மருத்துவமனைச் சன்னலில் விழுவதோடு நிறுத்தியிருக்கலாம்.

வார்டில் பொது அறைத் தொலைக்காட்சியில் என்ன ஓடியது என்று கேட்காதீர்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒன்பது மணி நிகழ்ச்சியின் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஆறாம் படுக்கைப் பாட்டி ஒருவர், எதையும் சாப்பிட மறுத்துக்கொண்டிருந்தவர், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இரண்டு ஸ்பூன் கஸ்டர்ட் சாப்பிட்டார். என் விமர்சனம் அவ்வளவுதான்.

---

ஹாரோக்காரன் | 26 டிசம்பர் 2024, மாலை 4.40

தங்கச்சி, ஒரு வரியில் தாண்டியது என் பிழை. எனக்குப் பிடித்த பாதி எது என்றால், டாக்டர் ஒரு வருடம் அந்தச் சாதாரண ஹோட்டலில் மாட்டிக்கொண்டு, அனிட்டாவுக்கு உதவியாக வேலை செய்துகொண்டு, நாட்களை ஒவ்வொன்றாக வாழ்ந்து கடக்கிறாரே, அது. டைனோசரும் கால ஹோட்டலும் எனக்குத் தேவைப்படவில்லை. விசா முடிவுக்காக ஒரு வருடம் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியவனுக்கு அந்தப் பகுதி நன்றாகவே புரியும்.

---

கார்டிஃப் கிழவர் | 26 டிசம்பர் 2024, இரவு 7.15

பிள்ளைகளே, நான் 1974இல் இந்த நாட்டுக்கு வந்தவன். யாழ்ப்பாணத்தில் பிபிசி என்றால் எங்களுக்கு வானொலியில் வரும் தமிழோசை. இங்கே வந்து பார்த்தால் அதே பெயரில் ஒரு பெட்டி, அதற்குள் மனிதர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் டிசம்பர் நடுவில், நிகழ்ச்சி அட்டவணை போடும் ரேடியோ டைம்ஸின் இரட்டை இதழ் வந்தவுடன் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும். மனைவி சிவப்புப் பேனா, நான் நீலப் பேனா, மூத்தவனுக்குப் பென்சில். அவரவர் பார்க்க விரும்புவதை வட்டம் போட வேண்டும். இரண்டு வட்டம் ஒரே நேரத்தில் விழுந்தால் பஞ்சாயத்து. பதிவுக் கருவி கிடையாது, தவறினால் தவறியதுதான். இந்த வருடமும் இதழ் வாங்கினேன். வட்டம் போட ஆள் இல்லை, நானே மூன்று நிறத்திலும் போட்டுக்கொண்டேன்.

இங்கிருந்து, ஸ்டேசியின் ஊராக வரும் பாரி தீவு பக்கம்தான். கோடையில் அங்கே போனால் எந்த வீட்டு முன்னால் படம் பிடித்தார்கள், எந்தக் கடையில் நெஸ்ஸா நின்றாள் என்று காட்டுவதற்கே ஆட்கள் உண்டு. ஊர்க்காரர்களுக்கு இந்தத் தொடர்மீது உள்ள பாசத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். வேல்ஸ் பேச்சைத் தொலைக்காட்சியில் கேலிக்கு மட்டும் பயன்படுத்திய காலம் நீண்டது. கவின் அண்ட் ஸ்டேசி வந்த பிறகு எசெக்ஸ் பிள்ளைகள் அந்தப் பேச்சைப் பிரியமாகப் பேசிக் காட்ட ஆரம்பித்தார்கள். ரூத் ஜோன்ஸ் தானே எழுதி, தானே நெஸ்ஸாவாக நின்றதால் வந்த மரியாதை அது.

எண்ணிக்கை வந்துவிட்டது, பார்த்தீர்களா? நேற்று இரவு ஒன்பது மணிக்கு 1.23 கோடிப் பேர். கிறிஸ்துமஸ் நாளில் 2008க்குப் பிறகு இத்தனை பேர் ஒரே நிகழ்ச்சியை அன்றிரவே பார்த்ததில்லை. அந்த 2008இல் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? ஒரு வாலஸ் அண்ட் குரோமிட் படம். இந்த முறை அவர்களுக்கு 94 லட்சத்துடன் இரண்டாம் இடம். மூன்று மணி மன்னர் உரைக்கு பிபிசியில் 68 லட்சம். டாக்டர் ஹூவுக்கு 41 லட்சம்தான். 2007 கிறிஸ்துமஸில் அதே டாக்டர் 1.33 கோடியைத் தொட்டவர்.

இந்த நாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய நிகழ்ச்சி முடிந்தவுடன் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் மின்கெண்டியை வைப்பார்கள். மின்சாரத் தேவை திடீரென்று எகிறும். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்ட்டியில் தோற்ற இரவு 2,800 மெகாவாட் எகிறியது. அதைச் சமாளிக்க வடக்கு வேல்ஸில் டினார்விக் என்ற இடத்தில் மலைக்குள் ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. மேலே ஏரியில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, கைகாட்டியவுடன் மேளகாரர் அடிப்பதுபோல, சில விநாடிகளில் திறந்து விடுவார்கள். நாடு துக்கப்பட்டாலும் தேநீர், சந்தோஷப்பட்டாலும் தேநீர்.

---

உப்புக்கல் | 26 டிசம்பர் 2024, இரவு 8.00

ஐயா, 1.23 கோடியைச் சாதனை என்று கொண்டாடுவதே வீழ்ச்சிக்கு அத்தாட்சி. 1996 டிசம்பரில் ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ் நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்கள் 2.43 கோடி. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் பாதி ஜனம் எங்கே போயிற்று?

---

கொள்ளிடக்கரை | 26 டிசம்பர் 2024, இரவு 8.35

எங்கும் போகவில்லை, நாளைக்குப் பார்ப்பார்கள். 1.23 கோடி என்பது அன்றிரவே பார்த்தவர்கள் கணக்கு மட்டும்தான். பார்ப் என்ற அமைப்பு தேர்ந்தெடுத்த சில ஆயிரம் வீடுகளில் கருவி வைத்து, அதிலிருந்து நாட்டுக்குக் கணக்குப் போடுகிறது. ஏழு நாள் கழித்துப் பார்த்தவர்களையும் சேர்த்து இன்னொரு எண் வரும். 1996இல் ஐந்தாவது சேனலே இன்னும் தொடங்கவில்லை. நாலு சேனலில் ஒன்றைத்தான் பெரும்பாலோர் பார்க்க முடியும். இன்று நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் அத்தனையும் திறந்து கிடக்கும்போது 1.23 கோடிப் பேர் ஒன்பது மணிக்கு வந்து உட்கார்ந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அந்தக் கூட்டத்தில் நான் 9.40வரை இல்லை என்பது வேறு கதை. எனக்கு ஏரியல் கிடையாது, எல்லாம் இணையம் வழியாகத்தான். ஒன்பது மணிக்குச் சரியாக அது படுத்துவிட்டது. சேவை நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வம்பில் மாட்ட விரும்பவில்லை. தொலைபேசியில் காத்திருப்பு இசையாகக் கிறிஸ்துமஸ் பாட்டு போட்டார்கள், அதுதான் ஆத்திரம். மேல்மாடி வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, “உங்கள் அறையில் சத்தமே இல்லையே, பார்க்கவில்லையா?” என்று கேட்டு மேலே அழைத்துப் போனார். இரண்டு வருடமாகப் படியில் சந்தித்தால் தலையசைப்பதோடு சரி. ஆரம்பத்தில் நடந்த கதையை விளம்பரமே இல்லாத சேனலில் எனக்காகக் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே பார்த்தார். தேவாலயக் காட்சியில் அவரும் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்!

---

எசெக்ஸ் மருமகள் | 26 டிசம்பர் 2024, இரவு 10.20

இத்தனை ஆண்கள் சேர்ந்து மிக் எழுந்ததன் மகத்துவத்தைப் பேசுகிறீர்கள். நான் சோனியாவுக்காகப் பேசுகிறேன்.

எங்கள் வீடு, கவினின் ஊராக வரும் பில்லரிக்கேயிலிருந்து பதினைந்து நிமிடம். கணவர் இந்த ஊர்க்காரர், வெள்ளையர். பதினொரு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து வந்தேன். மாமியார் என்னிடம் முதலில் போட்டுக் காட்டிய தொடர் இதுதான். “எங்களைப் புரிந்துகொள்ள இது உதவும்” என்றார். உண்மையிலேயே உதவியது. இரண்டு குடும்பம், நடுவில் நீண்ட நெடுஞ்சாலை, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகும்போது பை நிறையப் பண்டம். நம் கதைதான். முதல் பருவத்தில் கவினின் அம்மா பாம், சம்பந்தி வீட்டாரிடம் தான் சைவம் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்றுவதற்காகப் படும் பாட்டைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் மாமியார் பயந்துவிட்டார். நான் அவர்களிடம் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்: பிடிக்காத வாத்து இறைச்சியைப் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு ஞாயிறும் தின்றுகொண்டிருந்தேன்.

அதனால்தான் சோனியாவைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இருபது வருடமாக ஒன்றாகப் பழகி, தங்களுக்குள் மட்டும் புரிகிற நூறு நகைச்சுவைகளை வைத்திருக்கிற ஒரு கூட்டத்துக்குள் புதிதாக நுழைபவளின் நிலை என்ன தெரியுமா? அவர்கள் ஒரு சொல் சொல்கிறார்கள், மேசை முழுக்கச் சிரிக்கிறது, நீ மட்டும் முட்கரண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். சிரித்தால் நடிப்பு, சிரிக்காவிட்டால் திமிர். ‘மீன்பிடிக்கப் போன கதை’ என்று பதினேழு வருடமாகச் சொல்லாமலேயே வைத்திருக்கிறார்களே, அதுபோல ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் அது ‘ஸ்கெக்னஸ் கூடாரம்’. பதினொரு வருடமாகக் கேட்கிறேன், யாரும் எனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

எழுதியவர்கள் சோனியாவைக் கொஞ்சம் சிடுசிடுப்பாக, கொஞ்சம் பகட்டாக வைத்துவிட்டார்கள், நம் மனம் உறுத்தக் கூடாது என்பதற்காக. அங்கேதான் எனக்கு வருத்தம். அவளை நல்லவளாக வைத்து, அப்போதும் ஸ்மித்தி நெஸ்ஸாவைத் தேடி சவுத்ஹாம்ப்டன் துறைமுகத்துக்கு ஓடியிருந்தால் அது பெரிய எழுத்து. நெஸ்ஸாவும் ஸ்மித்தியும் சேர வேண்டியவர்கள்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தத் துறைமுகக் காட்சியில் நானும் அழுதேன். மாமியாரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டும் உண்மை.

ஹாரோ அண்ணா, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது பேர் பார்த்தோம், ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

---

உப்புக்கல் | 26 டிசம்பர் 2024, இரவு 10.40

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இது. நான் ஒரு வரியில் சொன்னதைத்தான் அக்கா நீட்டிச் சொல்லியிருக்கிறார் என்றும் பதிவு செய்துகொள்கிறேன்.

---

கொள்ளிடக்கரை | 27 டிசம்பர் 2024, காலை 9.15

அக்கா, வாயடைத்துவிட்டேன். ‘எழுதியவர்களின் கெட்டிக்காரத்தனம்’ என்று எழுதியதைப் பாதி திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மறுபாதி மிக்குக்காக அப்படியே இருக்கட்டும். மீன்பிடிக்கப் போன கதையை இந்த முறையும் சொல்லாமல் விட்டார்களே, அது மட்டும் சரி என்றே நினைக்கிறேன். சொல்லியிருந்தால் ‘இவ்வளவுதானா’ என்று ஆகியிருக்கும்.

---

கார்டிஃப் கிழவர் | 27 டிசம்பர் 2024, காலை 10.30

எல்லோரும் ஒன்பது மணியிலேயே நின்றுவிட்டீர்கள். களிமண் படத்தைப் பற்றி ஹாரோத் தம்பி ஒருவர்தான் வாய் திறந்தார்.

குரோமிட்டுக்கு வாய் கிடையாது. புருவம் மட்டும்தான். வாலஸ் புதிதாக ஒரு இயந்திரம் செய்கிறார், நாயைத் தடவிக்கொடுப்பதற்கு. இனி எஜமான் கையால் தொட வேண்டியதில்லை, இயந்திரக் கை தலையில் தட்டிக்கொடுக்கும். அந்தக் கை தட்டும்போது குரோமிட்டின் புருவம் ஒரு நூலளவு இறங்குகிறது பாருங்கள். பிரிஸ்டலில் ஆர்ட்மான் கூடத்தில் யாரோ ஒருவர் விரல் நுனியால் தள்ளிய நூலளவு. ஒரு விநாடிப் படத்துக்கு இருபத்துநாலு சட்டகம், ஒவ்வொன்றுக்கும் பொம்மையைத் தொட்டு நகர்த்த வேண்டும். கூர்ந்து பார்த்தால் களிமண்ணில் கைரேகை தெரியும், அதை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். எதையும் தானாகச் செய்யும் நார்பாட் என்ற குட்டிப் பொம்மையைப் பென்குயின் சிறையிலிருந்தபடியே கெட்டவனாக மாற்றுகிற கதையை, கையால் நகர்த்தி எடுத்திருக்கிறார்கள். முடிவில் வாலஸ் தன் கையாலேயே நாயைத் தடவுகிறார்.

வாலஸுக்கு முதலிலிருந்து குரல் கொடுத்த பீட்டர் சாலிஸ் 2017இல் போய்விட்டார். பென் வைட்ஹெட் பேசுகிறார். முதல் ஐந்து நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு வித்தியாசம் தேடினேன். பிறகு தேட மறந்துவிட்டேன்.

கடைசித் துரத்தல் நடப்பது பொன்ட்கசல்ட்டே பாலத்தின்மேல் என்பதைக் கவனித்தீர்களா? ஆற்றுக்கு மேலே முப்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் ஓடும் கால்வாய், 1805இல் திறந்தது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு, மறுபக்கம் படகுக்கும் பாதாளத்துக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. மனைவியோடு ஒருமுறை படகில் கடந்திருக்கிறேன். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. வாலஸும் குரோமிட்டும் அதே வழியில் போனதைப் பார்த்தபோது நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன், “கண்ணைத் திறந்து பார், ஒன்றும் ஆகவில்லை.”

---

ஹாரோக்காரன் | 27 டிசம்பர் 2024, பகல் 11.50

ஐயா.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு ரேடியோ டைம்ஸையும் மூன்று பேனாக்களையும் எடுத்துக்கொண்டு ஹாரோவுக்கு வந்துவிடுங்கள். 24ஆம் தேதியே வர வேண்டும், 25இல் வண்டி இல்லை.

---

மதுரைச் சிட்டு | 4 ஜனவரி 2025, இரவு 9.00 (இந்திய நேரம்)

இந்த இழையைப் படித்துவிட்டு வாலஸ் அண்ட் குரோமிட் இங்கே எப்போது வரும் என்று காத்திருந்தேன். நேற்று நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. 1993 குறும்படத்தில் வந்த பென்குயின் இது என்று அண்ணன் மகனுக்கு விளக்கினேன். அவனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. இரண்டு கறுப்பு மணிக் கண், இமைப்பதே இல்லை, முகத்தில் ஒரு சலனமும் கிடையாது. இவ்வளவு பயமுறுத்தும் வில்லனை நம் ஊர்ப் படங்களில் கத்திக் கத்தியும் கொண்டுவர முடியவில்லை.

படத்தில் ஒழுங்காக மூளையைப் பயன்படுத்தும் ஒரே போலீஸ், முகர்ஜி என்ற பெண். குரல் கொடுத்தவர் லாரன் பட்டேல். வங்காளிக்கு குஜராத்திப் பெயர்க்காரர் குரல்! இங்கிலாந்தில் அது நடக்கும் போல.

---

கொள்ளிடக்கரை | 8 ஜனவரி 2025, மாலை 6.20

உப்புக்கல்லின் கவனத்துக்கு: ஏழு நாள் கணக்கு வந்துவிட்டது. கவின் அண்ட் ஸ்டேசி 1.91 கோடி.

---

உப்புக்கல் | 8 ஜனவரி 2025, மாலை 6.32

அதில் ஒருவன் நான். இரண்டாம் முறை பார்த்தேன். மனைவி கேட்டாள் என்பதற்காக. வாசல் வரவேற்புகளை எண்ணி வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமா?

---

இரவுப்பணித் தாதி | 9 ஜனவரி 2025, காலை 8.50

ஒருவழியாக நேற்றுப் பார்த்து முடித்தேன். எசெக்ஸ் அக்காவின் பதிவைப் படித்துவிட்டுப் பார்த்ததால், எல்லோரும் மிக்கைப் பார்த்தபோது நான் சோனியாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் அது வேறொரு படம்.

ஆறாம் படுக்கைப் பாட்டி புத்தாண்டுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டார், நன்றாக இருக்கிறார்.

ஹாரோ அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். அம்மாவின் கேள்விக்கு நீங்கள் அன்று என்ன பதில் சொன்னீர்கள்?

---

ஹாரோக்காரன் | 9 ஜனவரி 2025, இரவு 7.40

பெண்ணின் தாய் தகப்பன் முன்வரிசையில்தான் இருப்பார்கள், கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை என்று சொன்னேன்.

“அப்படியென்றால் அந்தப் பெண்ணுக்காகவும் யாராவது ஒருவர் எழுந்திருப்பார்” என்றார். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு, அந்தப் பென்குயினை இன்னொரு தடவை போடச் சொன்னார்.